சமயங்கள் மக்களை அழைத்த வகை

நமது சங்கத்தின் பொதுக்கூட்டங்களில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்றுண்டு. "எங்கள் பிள்ளைகள் ஏன் கோயிலுக்கும் சங்கத்துக்கும் வருகிறார்களில்லை? பிறருடைய கூட்டங்கள் மாத்திரம் எவ்வாறு நிரம்புகின்றன?" என்பதே அது. காலம் கெட்டுவிட்டது என்று ஒரு பெரியவர் சொல்வார். அரிசியும் தகரமும் கொடுத்து ஆள் பிடிக்கிறார்கள் என்று இன்னொருவர் சொல்வார். பின்வரிசையில் இருக்கும் இளைஞன் ஒருவன், "எங்களை ஒருவரும் கூப்பிடவில்லையே" என்பான். முதலிரண்டு மறுமொழிகளையும் நாம் பலமுறை கேட்டுத் தலையசைத்துவிட்டோம். மூன்றாவது மறுமொழியைச் சிந்தித்துப் பார்த்தோமா? ஒரு சமயம் மக்களை எவ்வாறு அழைக்கிறது, அழைக்கப்பட்டோர் எதனால் வருகின்றனர், வந்தோர் எதனால் நிலைக்கின்றனர் என்பவற்றைச் சரித்திரத்தைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது புதிய கேள்வியன்று. தமிழ்நாட்டில் ஈராயிரம் ஆண்டுகளாகக் கேட்கப்பட்டு வருவது. சமண முனிவர் அன்னதானம், அபயதானம், ஔடததானம், சாத்திரதானம் என நான்கு தானங்களை வகுத்தனர். பசித்தவனுக்குச் சோறு, அஞ்சி வந்தவனுக்கு அடைக்கலம், நோயாளிக்கு மருந்து, அறியாதவனுக்குக் கல்வி என்பன அவை. சமணர் தங்கிய இடத்துக்குப் பள்ளி என்பது பெயர். அங்கே பிள்ளைகள் எழுத்துக் கற்றனர். அதனாலேதான் இன்றும் நாம் கல்வி கற்கும் இடத்தைப் பள்ளிக்கூடம் என்கிறோம். சமணம் தமிழ்நாட்டில் பெரும்பாலும் மறைந்த பின்னரும் அது வைத்த பெயர் நம் நாவில் நிற்கின்றது. பௌத்தர் செய்ததும் இதுவே. மணிமேகலைக் காப்பியத்தில் அறத்தின் முதற்படி அமுதசுரபி ஏந்திப் பசிப்பிணி தீர்த்தலாகும். தத்துவ விசாரணை அதன் பின்னரே வருகிறது.

சைவம் மீண்டும் தழைத்த வரலாறும் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. மருணீக்கியார் சமணம் புகுந்து தருமசேனர் என்னும் பெயருடன் தலைமை பெற்றிருந்தபோது, தமக்கையார் திலகவதியார் தம்பியோடு வாதம் புரியச் செல்லவில்லை. திருவதிகைக் கோயிலில் அலகிட்டு, மெழுகி, பூமாலை தொடுத்துத் தொண்டு செய்துகொண்டிருந்தார். சூலைநோயால் வருந்தித் தம்பி வந்தபோது, அவர் போன வழியை இடித்துரையாமல் திருநீறு கொடுத்துக் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அவ்வொரு கதவு திறந்திருந்தமையினாலே நமக்கு அப்பர் கிடைத்தார். பின்னர்த் திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது, அப்பரும் சம்பந்தரும் இறைவனிடம் படிக்காசு பெற்று அடியார்களுக்கு அன்னமிட்டனர் என்று பெரியபுராணம் கூறும். பண்ணோடு கூடிய தமிழ்ப்பாட்டும், சாதி பாராத அடியார் கூட்டமும், பசித்த வேளைச் சோறும் சேர்ந்து சைவத்தை வளர்த்தன. அதே புராணம் மதுரையில் சமணர் கழுவேறியதையும் கூறுகின்றது. அது நடந்ததா என்று வரலாற்றறிஞர் ஐயுறுவர். நடந்ததாயினும் இல்லையாயினும் நாம் பெருமை கொள்ள அதில் ஒன்றுமில்லை. சைவத்தை நிலைநிறுத்தியது தேவாரமேயன்றிக் கழுமரமன்று.

இனி நமது மட்டக்களப்பு நாட்டைப் பார்ப்போம். கண்ணகை அம்மன் வழிபாட்டை எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் எந்தப் பிரசாரகர் பரப்பினார்? துண்டுப் பிரசுரம் அச்சிட்டவர் யார்? வைகாசி பிறந்தால் ஊர் தானாகவே கூடுகின்றது, வழக்குரை பாடப்படுகின்றது, குளிர்த்தி நடைபெறுகின்றது. கொம்புமுறி விளையாட்டென்றால் ஊரே இரண்டு கட்சியாகிப் பிள்ளையும் கிழவரும் சேர்ந்து இழுப்பர். ஒவ்வொரு குடிக்கும் கோயிலில் ஒரு நாள் உண்டு, ஒரு பொறுப்பு உண்டு. இன்ன குடியின் திருவிழா என்றால், கொழும்பில் உத்தியோகம் பார்ப்பவனும் அன்றைக்கு ஊர் வந்து சேருவான். "இது என் பங்கு, நான் இல்லாவிட்டால் குறையும்" என்னும் எண்ணமே அவனை இழுத்து வருகின்றது. கதிர்காமப் பாதயாத்திரையும் அவ்வகையினதே. காட்டுவழியில் கூட நடந்தவரை மனிதர் எளிதில் மறப்பதில்லை. இசுலாமிய சகோதரரிடமும் இதனைக் காணலாம். கல்முனைக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகை நினைவாகக் கொடியேற்றிக் கந்தூரி கொடுக்கும்போது, வந்தவர் எம்மதத்தவர் என்று கேட்டுச் சோறு போடுவதில்லை.

ஆயினும் நமது முறையில் ஒரு பெருங்குறை இருந்ததை மறைக்கக் கூடாது. பங்கு உடையவனுக்கே கோயில் இனித்தது. பங்கு இல்லாதவன் மதிலுக்கு வெளியே நின்றான். இலங்கை முழுவதும் சாதி காரணமாகக் கோயில் வாசலில் தடுக்கப்பட்டோர் எத்தனையோ பேர். 1957 இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பின்னரும், 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிலே ஆலயப் பிரவேசத்துக்காகச் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டியதாயிற்று. உள்ளே வராதே என்று நாம் சொன்னவனை இன்னொருவர் வா என்று அழைத்தால், அழைத்தவரை நோவதில் நியாயம் என்ன?

அவ்வாறு அழைத்தவர்களின் கதையை இனிக் கேட்போம். ஒல்லாந்தர் ஆட்சியில், உத்தியோகம் பெறுதற்கும் உரிமைகள் பதிவதற்கும் ஞானஸ்நானம் வேண்டப்பட்டது. அதனால் ஏட்டிலே கிறிஸ்தவர் தொகை பெருகியது. 1796 இல் ஆங்கிலேயர் வந்து அந்தக் கட்டாயம் தளர்ந்ததும், பெயரளவில் கிறிஸ்தவராயிருந்தோர் பலர் பழைய கோயில்களுக்கே திரும்பினர். சட்டத்தால் சேர்ந்த கூட்டம் சட்டம் போனதும் கலைந்தது.

பின்னர் வந்த வெஸ்லியன் மிஷனரிமாரின் முறை வேறானது. தாமஸ் கோக் என்னும் முதியவர் தலைமையில் இங்கிலாந்திலிருந்து புறப்பட்ட அக்குழுவினர், 1814 ஜூன் 29 இல் காலியில் இறங்கினர். தலைவர் கோக் வழியிலே கடலில் காலமானார். குழுவிலொருவரான வில்லியம் ஓல்ட் என்பவரின் மனைவியும் கப்பலிலேயே இறந்தார். மனைவியைக் கடலுக்குக் கொடுத்த அந்த மனிதர் தன்னந்தனியராய் மட்டக்களப்புக்கு வந்தார், தமிழ் படிக்கத் தொடங்கினார், பாடசாலைகளை நிறுவினார். 1815 ஏப்ரல் மாதத்திலே இங்கேயே உயிர் நீத்தார். அவர் இம்மண்ணில் வாழ்ந்தது ஓராண்டுகூட இல்லை. அவர் இட்ட வித்தே இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. 1820 ஆம் ஆண்டைத் தோற்றமாகக் கொண்ட வின்சன்ட் மகளிர் கல்லூரி, பெண்பிள்ளைக்கு எழுத்தறிவு எதற்கு என்று ஊர் கேட்டுக்கொண்டிருந்த காலத்தில் பெண்பிள்ளைகளை அழைத்தது. 1873 இல் கத்தோலிக்கரின் புனித மிக்கேல் கல்லூரி எழுந்தது.

மக்கள் ஏன் சென்றனர்? வேத வசனம் கேட்கவென்று சென்றோர் சிலரே. ஆங்கிலம் படித்தால் கச்சேரியில் உத்தியோகம் கிடைக்கும், மகன் முன்னேறுவான் என்று சென்றோர் பலர். யாழ்ப்பாணத்தில் 1816 இல் தொடங்கிய அமெரிக்க மிஷன், உணவும் உடையும் தந்து பிள்ளைகளைத் தங்கவைத்துக் கற்பித்தது. அப்பிள்ளைகளுக்கு அமெரிக்க நன்கொடையாளரின் பெயர்களைச் சூட்டும் வழக்கமும் இருந்தது. ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை என்னும் பெயர் இவ்வகையினது. படிப்பைக் கொடுத்துப் பெயரை மாற்றியது தகுமா என்று நாம் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால், அந்தப் பிள்ளைகளைப் படிப்பிக்க நம்மவர் அந்நாளில் என்ன செய்தனர் என்ற கேள்வியையும் உடன் கேட்பதே நேர்மை.

அக்கேள்விக்கு மறுமொழியாகத் தோன்றியவர் நல்லூர் ஆறுமுக நாவலர். 1822 இல் பிறந்த அவர் பேர்சிவல் பாதிரியாரிடம் ஆங்கிலம் கற்றார். அவருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவினார். மிஷனரிமாரின் வேலைமுறை முழுவதையும் அருகிருந்து கண்டார். 1847 டிசம்பர் 31 இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் முதற் பிரசங்கம் செய்தார். பின்பு வெள்ளிக்கிழமை தோறும் பிரசங்கம் நடந்தது. 1848 இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அச்சியந்திரம் வாங்கினார். சிறுவருக்குப் பாலபாடம் எழுதினார். வினாவும் விடையுமாகச் சைவ வினாவிடை எழுதினார். பிரசங்கம், பாடசாலை, அச்சு, வினாவிடை ஆகிய நான்கும் மிஷனரிமார் கையாண்ட கருவிகளே. கருவியைப் பிறரிடம் கற்றுப் பொருளைத் தம்மிடத்திலிருந்து எடுத்தார் நாவலர். அவர் மறைந்தது 1879 இல். அவர் வழிவந்தோர் 1888 இல் சைவபரிபாலன சபையைத் தாபித்தனர்.

சிங்களவர் மத்தியிலும் இவ்வாறே நிகழ்ந்தது. 1880 இல் காலிக்கு வந்த கேணல் ஒல்கொட் பௌத்த பாடசாலைகளுக்கு ஊக்கமளித்தார்; பௌத்த வினாவிடையும் எழுதினார். 1844 இல் இலண்டனில் ஜோர்ஜ் வில்லியம்ஸ் என்னும் துணிக்கடை ஊழியர் இளைஞர் கிறிஸ்தவ சங்கத்தைத் தொடங்கியிருந்தார். அதனைப் பார்த்து 1898 இல் கொழும்பில் இளைஞர் பௌத்த சங்கம் எழுந்தது. இளைஞர் இந்து சங்கங்களின் பெயரும் அமைப்பும் இவ்வழி வந்தனவே. நாம் கூடியிருந்து தீர்மானம் நிறைவேற்றும் முறையும், காரியதரிசி அறிக்கை வாசிக்கும் முறையும், ஆண்டு மலர் வெளியிடும் முறையுங்கூட இந்தக் கொடுக்கல் வாங்கலில் வந்தவையே. இதில் வெட்கப்படுவதற்கு ஒன்றுமில்லை. நல்லது எங்கிருந்து வந்தாலும் கொள்ளலாம்.

மட்டக்களப்புக்கு நாவலர் போன்று வாய்த்தவர் சுவாமி விபுலாநந்தர். 1892 மார்ச் 27 இல் காரைதீவில் சாமித்தம்பியாருக்கும் கண்ணம்மையாருக்கும் பிறந்த மயில்வாகனன், கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியிலும் கற்றார். மிக்கேல் கல்லூரியிலும், பின்னர் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் ஆசிரியராயிருந்தார். கிறிஸ்தவ பாடசாலைகள் அவருக்கு அறிவைத் தந்தன. ஆனால் அவருடைய சமயத்தை மாற்றவில்லை. 1897 சனவரியில் விவேகாநந்தர் சிக்காகோ வெற்றிக்குப் பின் கொழும்பில் இறங்கி, யாழ்ப்பாணத்திலும் பேசிச் சென்றபோது மயில்வாகனன் ஐந்து வயதும் நிரம்பாத குழந்தை. அந்த அலை அவரை எட்டியது பின்னாளில். 1922 இல் மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார். 1924 சித்திரா பூரணையில் சுவாமி சிவாநந்தரிடம் துறவு பெற்று விபுலாநந்தரானார்.

1925 இல் இலங்கை திரும்பிய அவர் தேர்ந்தெடுத்த பணி எது? மேடைதோறும் பிறமதங்களைக் கண்டித்துத் திரிந்தாரல்லர். பாடசாலைகளைப் பொறுப்பேற்று நடத்தினார். 1929 இல் கல்லடி உப்போடையிலே சிவாநந்த வித்தியாலயத்தைத் தொடங்கினார். தம் குருவின் பெயரால் அமைந்த அப்பாடசாலையில், தாய் தந்தையரை இழந்த பிள்ளைக்கும் ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் இடம் இருந்தது. பெண்கல்விக்குக் காரைதீவிலே சாரதா வித்தியாலயம் கண்டார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதல் தமிழ்ப் பேராசிரியராய் 1931 இல் அமர்ந்தபோதும், அருகிலிருந்த சேரிக்குச் சென்று பிள்ளைகளுக்கு இராப்பாடசாலை நடத்தினார். பேராசிரியர் சேரிக்குப் போகலாமா என்று முகஞ்சுளித்தோர் இருந்தனர். அவர் போவதை நிறுத்தவில்லை. 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் யாழ்நூலை அரங்கேற்றினார். அடுத்த மாதம் 19 ஆம் திகதி மறைந்தார். அவருடைய சமாதி சிவாநந்த வித்தியாலய வளவிலே இருக்கிறது. பிள்ளைகள் நாள்தோறும் ஓடியாடும் இடத்தில் ஆசிரியர் துயில்கின்றார்.

அவரிடம் படித்த பிள்ளை எவனும், "உன் மதத்தை விட்டு வா" என்று கேட்கப்பட்டவனல்லன். 1960 ஆம், 1961 ஆம் ஆண்டுச் சட்டங்களினால் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோது, மிஷனின் பாடசாலைகளும் கைமாறின. பாடசாலைகள் போயின, மாணவர் இல்லங்கள் நின்றன. சமயம் பரப்புதற்கு வேண்டிய பெரிய கருவி கையைவிட்டுப் போன பின்னும், கல்லடி ஆச்சிரமத்துக்குச் சனங்கள் போவது நிற்கவில்லை. கட்டிடத்தையும் நன்கொடையையும் மாத்திரம் நம்பிய இயக்கமாயிருந்தால் அன்றோடு அது முடிந்திருக்கும்.

இனி, நம் காலத்துக்கு வருவோம். 1978 நவம்பர் 23 இல் சூறாவளி மட்டக்களப்பைச் சாய்த்தது. அதன்பின் நெடும் யுத்தம்; 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை. ஒவ்வோர் அழிவின் பின்னும் உதவிக்கு வந்தோர் பலர். அவர்களுட் சிலர் உதவியோடு தம் சமயத்தையும் கொண்டு வந்தனர். புதிய சபைகள் பல கிராமங்களில் எழுந்தன. சாயி பஜனை நிலையங்களும் இக்காலத்தே நம்மிடையே பரவின. அவை பாட்டாலும் தொண்டாலும் பாலவிகாஸ் வகுப்பாலும் குடும்பங்களைச் சேர்த்தன. இவை எல்லாவற்றிலும் பொதுவாய் உள்ளதொன்றைக் கவனியுங்கள். புதிதாய் வந்தவனை வாசலில் எதிர்கொள்வர், பெயர் கேட்பர், அடுத்த வாரம் வராவிடில் வீடு தேடிச் செல்வர். அவன் தாய்க்கு நோயென்றால் அருகிலிருந்து பிரார்த்திப்பர். கைம்பெண்ணுக்கு ஒரு வேலை, குடிகாரனுக்கு ஒரு துணை, பாடத் தெரிந்த பையனுக்கு ஓர் ஆர்மோனியம் என்று எவரையும் வெறுங்கையோடு இருத்துவதில்லை. செங்கலடிச் சந்தியிலிருந்து பதுளை வீதி வழியே கரடியனாறு, புல்லுமலை வரை சென்று பாருங்கள். யுத்தத்தால் பலமுறை இடம்பெயர்ந்த அக்கிராமத்தவரின் வீட்டுப் படலையைத் தட்டியவர் யார்? நமது சங்கத்திலிருந்து எத்தனை பேர் அங்கு ஒரு மாலைப்பொழுதைக் கழித்தோம்?

அழைப்பெல்லாம் நல்லழைப்பு என்றும் கொள்ளற்க. தனித்திருக்கும் இளைஞனை முதலில் அன்பால் மூழ்கடித்து, பின்பு பெற்றோரையும் நண்பரையும் விட்டுப் பிரித்து, கேள்வி கேட்பதைப் பாவமாக்கி, உடைமையையும் வாங்கிக்கொள்ளும் கூட்டங்கள் உலகெங்கும் உண்டு. ஜிம் ஜோன்ஸ் என்பவர் ஏழைகளுக்கும் கறுப்பினத்தாருக்கும் உதவுபவராகவே அமெரிக்காவில் பெயரெடுத்தார். அவரை நம்பிக் கயானா நாட்டுக் காட்டுக்குச் சென்றவர்களுள் தொளாயிரத்துக்கும் மேற்பட்டோர் 1978 நவம்பர் 18 இல் மாண்டனர். அவர்களிற் பலர் குழந்தைகள். யப்பானில் ஓம் சின்றிக்கியோ என்னும் கூட்டம் யோகமும் தியானமும் என்று சொல்லிப் படித்த இளைஞரைச் சேர்த்தது. 1995 மார்ச் 20 இல் தோக்கியோ சுரங்க ரயில்களில் நச்சுவாயு விட்டது அக்கூட்டமே. வெறுப்பை ஊட்டிச் சேர்க்கப்பட்டவர் என்ன செய்வர் என்பதை 2019 ஏப்ரல் 21 இல், உயிர்த்த ஞாயிறு காலையில், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் பலியான குழந்தைகளின் பெற்றோர் அறிவர். அன்றைய துக்கம் ஒரு சமயத்தவரின் துக்கம் மாத்திரமன்று.

ஆதலின் எந்த இயக்கத்தையும், நமது இயக்கத்தையும் சேர்த்தே, நான்கு கேள்விகளால் அளந்து பார்க்கலாம். கேள்வி கேட்க விடுகிறதா? வீட்டாரோடு உறவைக் காக்கிறதா? பணக்கணக்கை எல்லாருக்கும் காட்டுகிறதா? விட்டுப் போக விரும்புபவனை நிம்மதியாய்ப் போக விடுகிறதா? இந்நான்குக்கும் ஆம் என்று சொல்லக்கூடியதிடம் நம் பிள்ளை போனால் அஞ்சவேண்டியதில்லை.

சிலர், சட்டம் கொண்டுவந்து மதமாற்றத்தைத் தடுக்க வேண்டும் என்பர். விரும்பிய சமயத்தைக் கைக்கொள்ளும் உரிமையை நமது அரசியலமைப்பின் பத்தாம் உறுப்புரை ஒவ்வொருவருக்கும் அளித்திருக்கிறது. அந்த உரிமையே சிறுபான்மையினராகிய நம்மையும் காப்பது. பிறனைத் தடுக்க நாம் கேட்கும் விலங்கு நாளை நம் கையிலும் பூட்டப்படலாம். ஒல்லாந்தர் சட்டம் போட்டுச் சேர்த்தனர், அது நிலைக்கவில்லை. சட்டம் போட்டுத் தடுப்பதும் நிலைக்காது.

அப்படியாயின் நாம் செய்யக்கூடியது யாது? அறநெறிப் பாடசாலைக்கு வரும் பிள்ளையிடம் பரீட்சைக்குரிய மனனப் பாடத்தை மாத்திரம் கேளாமல், அவன் மனத்திலுள்ள கேள்வியையும் கேட்போம். ஞாயிறு காலையில் பிரத்தியேக வகுப்புக்கு ஓடும் பிள்ளையைக் கடிந்து பயனில்லை. வெள்ளி மாலையில் ஒரு மணி நேரம் கோயில் மண்டபத்திலேயே கணிதமும் தேவாரமும் சொல்லிக் கொடுக்கலாம். கோயிற் காரியங்களில் பங்கில்லாத குடும்பத்தவருக்கு ஒரு பங்கு கொடுப்போம். ஒரு நாள் பூமாலையாவது அவர்கள் கையால் வரட்டும். பெண்பிள்ளைகளைக் கோலமிடவும் விளக்கேற்றவும் மாத்திரம் அழைக்காமல், நிருவாக சபையிலும் அமர்த்துவோம். மாதத்துக்கு ஒருமுறை தொலைவிலுள்ள ஒரு கிராமத்துக்குப் போவோம். கையில் துண்டுப் பிரசுரம் வேண்டாம். சங்கக் கணக்கை அறிவித்தற் பலகையில் ஒட்டுவோம். பெரியோர் பதவியில் இருந்துகொண்டே இளைஞனிடம் ஒரு முழுக் காரியத்தை ஒப்படைக்கட்டும். அவன் தவறினால் திருத்தலாம். ஒப்படைக்காவிட்டால் அவன் வரவேமாட்டான்.

திலகவதியார் தம்பியைத் தேடிப் போகவில்லை. ஆனால் தம்பி வரும் நாளிலே வாசல் மெழுகியிருந்தது. ஓல்ட் பாதிரியார் சில மாதங்களே வாழ்ந்தார். ஆனால் பிள்ளைகளைத் தேடிப் போனார். விபுலாநந்த அடிகள் இரண்டையும் செய்தார். வாசலை மெழுகுவதும், படலையைத் தட்டுவதும் ஆகிய இவ்விரு வேலையும் நம் கையில் உள்ளவை. அடுத்த பொதுக்கூட்டத்தில் பின்வரிசை இளைஞன் எழுந்து, "என்னைக் கூப்பிட்டார்கள், வந்தேன்" என்று சொல்வானாயின், இம்மலர் வெளியிட்டதன் பயன் முழுவதும் கிடைத்ததாகும்.